மேட்டுப் பக்கத்துக் கல்தட்டி

அன்னிக்குத் தவளை எண்ண வந்தது ஆறு பேரும்மா. எலக்ட்ரீஷியன் வீட்டு நாய் வந்திருந்தா ஏழுன்னு சொல்லலாம், அன்னிக்கு அது வரல. டீச்சர் ஒண்ணு. பேக்கரிக்காரர் ரெண்டு. எலக்ட்ரீஷியன் மூணு, அவர் சம்சாரம் நாலு. உங்கப்பா அஞ்சு. நான் ஆறு. எலக்ட்ரீஷியன் சம்சாரத்தைக் கணக்குல சேக்கலாமா கூடாதான்னு உங்கப்பாவுக்கும் எனக்கும் வருஷா வருஷம் வழக்கு. ஏன்னா அந்தம்மா குவாரிப் பள்ளத்துக்குள்ள எறங்காது. மேல ரோட்டோரம் வேன்லயே ஒக்காந்திருக்கும், ஃப்ளாஸ்க்குல டீ வச்சுக்கிட்டு. கால் மணி நேரம் வாயை மூடிக்கிட்டு நிக்கறதுக்கு என்னைப் பெத்தவங்க பெக்கலன்னு அதுவே சொல்லும். வந்தவங்க எல்லாம் கணக்குதான்யான்னு உங்கப்பா சொல்வாரு. கேக்காதவங்க எப்படிக் கணக்குன்னு நான் சொல்வேன். சரி, ஆறுன்னே வச்சுக்கங்க.

அந்த ஸ்டூல் வேண்டாம், அது ஆடும். இதுல ஒக்காருங்க. பையைக் கட்டிங் டேபிள் மேலேயே வைங்க, பரவால்ல. குண்டூசி கெடக்கும், கை பாத்து.

போலாம்மா. கூட்டிட்டுப் போக மாட்டேன்னு சொல்லல. வெளிச்சம் இன்னும் நல்லா இருக்கு, இப்பப் போனா வெறுங்கல்லுதான். வெளிச்சம் போயி இருட்டு வர்றதுக்கு நடுவுல கொஞ்ச நேரம் இருக்கு பாருங்க, அதுலதான் தவளை பேசும். அதுக்குள்ள இந்தப் பேன்ட்டுக்குக் கீழ் மடிப்பைக் கையால அடிச்சு முடிச்சுடறேன். கை சும்மா இருந்தா எனக்கு வாய் வராது. கை வேலை செஞ்சாலும் அவ்வளவா வராது. உங்கப்பா என்னை ஊமைன்னுதான் கூப்பிடுவாரு. டேய் ஊமை, ஒனக்கும் சேத்து நானே பேசிட்டேன், வீட்டுக்குப் போலாம் வாம்பாரு. எனக்கும் அது வசதியாத்தான் இருந்துச்சு.

டீச்சர் சொல்லித்தானே வந்தீங்க? தெரியும். சொல்லியிருப்பாங்க. உங்கப்பா தவறிப் போன சாயங்காலமே, அவர் ஒக்காந்திருந்த மேட்டுப் பக்கத்துல, அது வரைக்கும் இல்லாத ஒரு கல்தட்டி புதுசா கேட்டுச்சுன்னு. ஆமாம்மா. கேட்டது நான்தான். என் பக்கம் அது. நாளைக்குக் காலைல உங்களுக்கு வண்டி, அதுக்குள்ள அதை ஒரு தடவை காதால கேட்டுட்டுப் போயிடணும். புரியுது. நானா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பேன்.

ஆனா கேக்கணும்னா எது கல்தட்டின்னு மொதல்ல தெரியணும். அந்தப் பள்ளத்துல சின்னதா குதிக்கறது எல்லாம் கல்தட்டி இல்ல. எனக்கே ரெண்டு வருஷம் ஆச்சு. நான் என்ன படிச்சேன், அஞ்சாவதோட நின்னாச்சு. எல்லாம் டீச்சர் சொல்லிக் குடுத்ததுதான். கல்தட்டிங்கிறது அந்தத் தவளைக்கு எங்களுக்குள்ள வச்ச பேரு, உங்கப்பா வச்சாரு. புஸ்தகத்துல ஒரு நீளப் பேரு இருக்கு, அது டீச்சர் வாயிலதான் நுழையும்.

என் கட்டை வெரல் நகம் இருக்கு பாருங்க, அவ்வளவுதான் முழு ஒடம்பும். வளந்ததே அவ்வளவு. பெரிய தவளையோட குஞ்சும் அதே அளவுல இருக்கும், அங்கதான் எல்லாரும் ஏமாறுவாங்க. குஞ்சு வழவழன்னு இருக்கும், லைனிங் துணி மாதிரி. கல்தட்டிக்கு முதுகு சொரசொரன்னு. நட்ட நடு முதுகுல மூக்குலேர்ந்து பின்னால வரைக்கும் வெளுப்பா ஒரு கோடு, நான் துணியில சாக்பீஸால கோடு போட்ட மாதிரி நேரா. வெரல் நுனி உருண்டையா இருக்காது, தட்டையா இருக்கும். வெரலுக்கு நடுவுல சவ்வு கெடையாது. இவ்வளவையும் அது ஒக்காந்திருக்கறப்பப் பாத்துக்கணும், கையில புடிக்கக் கூடாது. டீச்சர் கையைத் தட்டி விட்டுடுவாங்க.

அதெல்லாம் பாக்க முடியலன்னா ஒரு சுலபமான வழி இருக்கு. காலைக் கொஞ்சம் அசைச்சுப் பாருங்க. குஞ்சுத் தவளை பயந்தா தண்ணியில குதிக்கும். இது குதிக்காது. பின்னாலேயே நகந்து கல்லுக்கு அடியில போயிடும். தண்ணியோரத்துலயே இருக்கும், ஆனா தண்ணிக்குள்ள வாழாது. ஒவ்வொரு ஆணுக்கும் ஒரு கல்லு. அந்த மழைக்காலம் முழுக்க அதே கல்லுதான், மாத்தாது. பொண்ணு வந்து கல்லோட அடிப்பக்கம் முட்டையை ஒட்ட வச்சுட்டுப் போயிடும், அப்புறம் எட்டிக்கூடப் பாக்காது. ஆண்தான் காவல். கல்லு காஞ்சா தண்ணியில போயி ஒடம்பை நனைச்சுக்கிட்டு வந்து முட்டை மேல ஒக்காரும். இதைச் சொல்லிச் சொல்லி உங்கப்பா பெருமைப்படுவாரு, என்னமோ இவரே முட்டை போட்டுக் காத்த மாதிரி. பேக்கரிக்காரர் கிண்டல் பண்ணுவாரு. சரி, உங்களை வளத்தது அவர் ஒருத்தர்தானே. பெருமைப்படட்டும்னு நான் விட்டுடுவேன்.

சத்தமா? சத்தம் ரெண்டு கருங்கல் சில்லை எடுத்துத் தட்டினா எப்படி இருக்கும், அதேதான். டுக் டுக், கொஞ்சம் நிறுத்தி, டுக். ரெண்டு வேகமா, ஒண்ணு மெதுவா. ஒண்ணு பேசினா பக்கத்துக் கல்லுல இருக்கறது பொறுத்து, அது முடிச்ச பிறகுதான் ஆரம்பிக்கும். மனுஷங்க ஒரு கூட்டத்துல அப்படிப் பேசி நான் பாத்ததில்ல.

அதுவாவும் சட்டுனு ஆரம்பிக்காது. யாராவது ஆரம்பிச்சுக் குடுக்கணும். அதுதான் உங்கப்பா வேலை. எங்க எல்லாருக்கும் கல்லைக் குடுத்துத் தட்டிப் பாக்கச் சொன்னாங்க டீச்சர். நான் தட்டினா ஒண்ணும் பேசல. எலக்ட்ரீஷியன் தட்டினா இருந்ததும் நின்னு போச்சு. உங்கப்பா தட்டினாரு, பள்ளம் பூரா பதில் சொல்லுச்சு. எப்படிய்யான்னு கேட்டா, நாப்பது வருஷம் தபால் முத்திரை குத்தின கைடா இதும்பாரு.

யாரு? பேன்ட் வாங்கவா? அய்யய்யோ, இல்லீங்க. நாளைக்குன்னு சொல்லியிருந்தேனே. இல்லீங்க, இன்னிக்குன்னு நான் சொல்லியிருக்க மாட்டேன், ரசீதைப் பாருங்க. பாத்தீங்களா. பரவால்ல. இடுப்பு அரை இஞ்ச் விட்டிருக்கேன், போட்டுப் பாத்துட்டு எடுத்துக்கங்க. சரி, காலைல வாங்க.

ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் முன்னாலேயே வந்து நிப்பாரு. எங்க விட்டேன்? கை. ஆமா.

பள்ளம் கிட்டத்தட்ட சதுரம். நாலு பக்கம். பாதைப் பக்கம் டீச்சர். மோட்டார் ஷெட் இருக்கற பக்கம் பேக்கரிக்காரர். கோரைப்புல்லு பக்கம் எலக்ட்ரீஷியன். நாலாவது என் பக்கம். என் பக்கத்துக்கு மேலதான் மேடு, குவாரி ஓடின காலத்துல உடைச்சுக் குமிச்ச சில்லு. மேட்டு உச்சியில ஒரு பலகைக் கல்லு கெடக்கும். அதுல ஒக்காந்துதான் உங்கப்பா தட்டி ஆரம்பிச்சு வைப்பாரு, அங்கேருந்துதான் நாலு பக்கமும் கேக்கும். நான் நிக்கற எடத்துலேர்ந்து அவர் தெரியமாட்டாரு. மேட்டோட வளைவு மறைச்சுடும்.

எண்றதுக்கு வெளக்குப் போடக் கூடாது, எழுதக் கூடாது. அதனால பட்டன். சட்டைப் பட்டன், ஆளுக்கு இருபது, நான் கொண்டு போவேன். எல்லாம் எடது பாக்கெட்டுல இருக்கும். உங்க பக்கத்துல ஒரு கல்லுலேர்ந்து சத்தம் வந்தா ஒரு பட்டன் வலது பாக்கெட்டுக்குப் போவணும். அதே கல்லு மறுபடி எத்தனை தடவை பேசினாலும் பட்டன் கெடையாது. வேற கல்லு பேசினா அடுத்த பட்டன். முடிஞ்சதும் வலது பாக்கெட்டை எண்ணினா சரியாப் போச்சு. மொத வருஷம் பட்டன் ஒண்ணோட ஒண்ணு ஒரசிக் கிலுகிலுன்னு சத்தம். அப்புறம் எல்லாருக்கும் ஒரே மாதிரி பேன்ட் தச்சேன், பாக்கெட் உள்பக்கம் ஃபிளானல் துணி வச்சு. உங்கப்பாவுக்குப் பட்டன் கெடையாது, தட்டறவரு எண்ணக் கூடாதுன்னு டீச்சர் சட்டம். ஆனா அவருக்கும் அதே பாக்கெட் வேணும்னு அடம். கல்லு போட்டுக்கறதுக்காம். வலது பக்கம் மட்டும் ரெண்டு மடிப்பு ஃபிளானல் வச்சுக் குடுத்தேன். மூணு தடவை தட்டுவாரு, அதுங்க ஆரம்பிச்சுடும், ஒடனே ரெண்டு கல்லையும் அந்தப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டுக் கையைக் கட்டிக்கிட்டு ஒக்காந்துடுவாரு. கையில கல்லு இருந்தா கை சும்மா இருக்காது டெய்லர், தன்னால தட்டிடும், அப்புறம் ஒன் கணக்குல நான் ஒரு தவளையாயிடுவேம்பாரு.

சிரிங்கம்மா. நாங்களும் சிரிச்சதுதான்.

ஆரம்பிச்ச பிறகு டீச்சர் டார்ச்சை ரெண்டு தடவை அடிக்கற வரைக்கும் யாரும் பேசக் கூடாது, நகரக் கூடாது, இருமக் கூடாது. மனுஷக் கொரல் ஒண்ணு கேட்டாப் போதும், மொத்தமும் நின்னுடும். அன்னிக்கு மறுபடி வாயைத் திறக்காது. மழை விட்டு மூணாம் நாள் சாயங்காலம்தான் நாலு பக்கமும் சேத்து எண்ண முடியும், ஒரு வருஷத்துக்கு ஒரு தடவைதான் அது சரியா அமையும். ஒரு வருஷம் பேக்கரிக்காரர் தும்மிட்டாரு. மாவு மூக்குல ஏறினதுன்னாரு. அந்த வருஷக் கணக்கே போச்சு. எலக்ட்ரீஷியன் சம்சாரம் பேக்கரிக்காரருக்குத் தங்கச்சிதான். இன்னி வரைக்கும் விடல. எங்கண்ணன் மூக்கை இடுக்கியால புடிச்சுக்கிட்டுத்தான் நிக்கணும்னு வேன்ல ஏறும்போதெல்லாம் ஒரு துணி இடுக்கியை நீட்டும். உங்கப்பாதான் ரொம்பக் கோவிச்சுக்கிட்டாரு, ஒரு வாரம் அந்தக் கடையில ரொட்டி வாங்கல. அடுத்த வருஷம் எலக்ட்ரீஷியனைப் பூரான் கடிச்சுது, மனுஷன் அசையல. கணக்கு முடிஞ்சு டார்ச் வெளிச்சத்துல பாத்தா கால் தலகாணி மாதிரி வீங்கியிருக்கு. உங்கப்பா அவரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. இவன்தாண்டா ஆம்பளை, பூரான் கடிச்சாலும் பாம்பு கடிச்சாலும் வாயைத் திறக்கக் கூடாதுன்னாரு. நாங்களும் ஆமான்னோம்.

எவ்வளவு நாளா பண்றோம்னா கேக்கறீங்க? ஒம்பது வருஷம். அந்தப் பள்ளத்துல இடிச்ச கட்டடக் குப்பையைக் கொட்டி மூடணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. வருஷா வருஷம் தவளையை எண்ணிக் குடுக்கற வரைக்கும் மூட விட மாட்டோம்னு பஞ்சாயத்து ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க. அதனால எண்றோம். மூடினா என்ன மூடலன்னா என்னன்னு என்கிட்டக் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. எண்ண ஆரம்பிச்சுட்டோம்.

அன்னிக்கு. சொல்றேன்.

அன்னிக்குக் காத்தே இல்ல. உங்கப்பா மேட்டுல ஏறும்போது ஒரு தடவை நின்னாரு. என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, ஒன்னை மாதிரி ஒக்காந்து தைக்கற ஆளுக்கு இந்த மேடு ஏறினா தெரியும்னாரு. அதுதான் கடைசியா என்கிட்டச் சொன்னது. நான் எறங்கி என் எடத்துக்குப் போயிட்டேன். மூணு தடவை தட்டினாரு. டுக் டுக், டுக். ரொம்பச் சுத்தமா இருந்துச்சு. அதுங்க ஆரம்பிச்சுதுங்க.

என் பக்கம் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வந்துச்சு. எல்லாம் தண்ணியோரக் கல்லு, எனக்குப் பழக்கமான கல்லுங்கதான். ஏழு பட்டன் மாறியாச்சு. அப்பதான் மேலேருந்து ஒண்ணு கேட்டுச்சு. எடது பக்கம், மேட்டுல. அங்க எந்த வருஷமும் கேட்டதில்ல, அது காஞ்ச எடம். டுக் டுக் வந்துச்சு, அதுக்கப்புறம் வர வேண்டிய ஒண்ணு லேட்டாச்சு. மெஷின்ல தையல் விட்டுப் போகும் பாருங்க, அந்த மாதிரி. என்னடா இது தடுமாறுதுன்னு பாத்தேன். டீச்சர் சொல்லிக் குடுத்தது ஞாபகம் வந்துச்சு. மொத வருஷம் பேச வர்ற எளசு ஆண் இப்படித்தான் தாளம் தப்பும், அதுக்கு நல்ல கல்லு கெடைக்காது, பெருசுங்க எல்லாத்தையும் புடிச்சு வச்சிருக்கும், அதனால தள்ளி ஒரு எடம் தேடும்னு. எல்லாம் பொருந்திச்சு. எட்டாவது பட்டனை மாத்தினேன். எனக்குச் சந்தோஷம். நெசமா சொல்றேன், இருட்டுல தனியா நின்னு சிரிச்சேன். நல்லாத் தட்டுடா தம்பின்னு மனசுக்குள்ள சொன்னேன்.

அப்புறம் தண்ணியோரம் இன்னும் ரெண்டு. மொத்தம் பத்து பட்டன். மேட்டுல இருந்தது கொஞ்ச நேரம் தட்டுச்சு. எடவெளி ஜாஸ்தியாயிட்டே போச்சு. கடைசியில ஒத்தை டுக். அப்புறம் இல்ல. எளசு சீக்கிரம் சோந்து போயிடும்னும் டீச்சர் சொல்லியிருக்காங்க.

டார்ச் ரெண்டு தடவை அடிச்சுது. எல்லாரும் பாதைக்கு வந்தோம். எப்பவும் உங்கப்பாதான் மொதல்ல வந்து நின்னுக்கிட்டு, என்ன ஊமை, தூங்கிட்டியாம்பாரு. வரல. பேக்கரிக்காரர் கூப்பிட்டாரு. எலக்ட்ரீஷியன் மேட்டுல ஏறினாரு. ஏறினவர் எறங்கி வரல, அங்கேருந்தே டீச்சர்னு ஒரு சத்தம் போட்டாரு. பேக்கரிக்காரர்தான் முதுகுல தூக்கிட்டு வந்தாரு. வேன்ல டீ ஃப்ளாஸ்க் உருண்டு கொட்டிடுச்சு. ஆஸ்பத்திரியில டாக்டர் பாத்துட்டு, நெஞ்சு ஒரே அடியா நின்னிருக்கு, அவருக்கே தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னாரு. உங்ககிட்டயும் போன்ல அதான் சொன்னாங்க இல்ல? அப்படித்தான் சொல்வாங்கம்மா. அவர் நல்ல டாக்டர்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவுல பெஞ்சுல ஒக்காந்திருந்தோம். டீச்சர் என்ன நெனச்சாங்களோ, பட்டனை எடுங்கன்னாங்க. எல்லாரும் வலது பாக்கெட்டை பெஞ்சு மேல கொட்டினோம். டீச்சர் எட்டு. பேக்கரிக்காரர் ஆறு. எலக்ட்ரீஷியன் பதினொண்ணு. நான் பத்து. முப்பத்தஞ்சு. போன வருஷத்துக்கு ரெண்டு ஜாஸ்தி. டெய்லர், ஒங்களுக்கு எப்பவும் ஒம்பதுதானேன்னாங்க. மேட்டுல ஒண்ணு புதுசா கேட்டுச்சு டீச்சர்னேன். அவர் ஒக்காந்த எடத்துலயான்னு கேட்டாங்க. ஆமான்னேன். அதுவரைக்கும் அழாதவங்க அப்பத்தான் அழுதாங்க. எல்லாருக்கும் அது ஒரு மாதிரி ஆறுதலாப் போச்சு. அடுத்த நாளே எலக்ட்ரீஷியன் சம்சாரம் தெருவெல்லாம் சொல்லிடுச்சு, தபால்காரர் போனாரு, தவளை ஒண்ணு வந்துச்சுன்னு. டீச்சர் அந்த எடத்துக்கு அவர் பேரையே வைக்கணும்னு ஆபீசுக்கு எழுதப் போறாங்க. நீங்களும் அதைக் கேட்டுட்டுத்தானே மூணு நாள் லீவைக் கூட்டிக்கிட்டு இருந்தீங்க.

நூலை இந்த ஊசியில கோத்துக் குடுங்கம்மா, கண்ணு சரியா தெரியல. ஆமா. நன்றி.

நானும் அதைக் கேக்கத்தான் போனேன். உங்களை மாதிரியே. மறுநாள் எல்லாம் முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, சாயங்காலம் தனியா போனேன். தட்டி ஆரம்பிச்சு வைக்க ஆள் இல்லாம லேட்டாத்தான் ஆரம்பிச்சுதுங்க, ஆனா தண்ணியோரம் ஒம்பதும் பேசுச்சு. மேட்டுல ஒண்ணும் கேக்கல. அடுத்த சாயங்காலமும் போனேன். நேத்தும் போனேன். ஒம்பதுதான். ஆண் கல்லை மாத்தாதுன்னு சொன்னேன் இல்லையா. பகல்ல போயி மேட்டுல சில்லை ஒவ்வொண்ணா பொரட்டிப் பாத்தேன். முழங்கை ஆழத்துக்குத் தோண்டினாலும் பொடி, ஈரமே கெடையாது. ஒரு நாள்கூட அது அங்க உயிரோட இருக்க முடியாது. குஞ்சுகூட இருக்காது. அங்க ஒண்ணும் இல்லம்மா.

இருங்க. எந்திரிக்காதீங்க. பையில என்ன இருக்குன்னு நீங்க எடுத்துக் காட்டவே வேண்டாம், எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில அதைக் கையில வாங்கினது நான்தான். கண்ணாடி, வாட்ச், பர்ஸ், ரெண்டு கல்லு. டீச்சர் உங்ககிட்ட என்ன சொன்னாங்க? ஆரம்பிச்சு வச்ச கல்லைக் கையில புடிச்சபடியே போயிட்டாருன்னா? தூக்கறப்ப கல்லு அவர் கையிலதான் இருந்துச்சு, அதனால அப்படித்தான் எல்லாரும் நெனக்கறாங்க. ஆனா அவர் புடிச்சுக்க மாட்டாரு. பாக்கெட்டுல போட்டுடுவாரு. அந்தப் பாக்கெட்டைத் தச்சவன் நான். அன்னிக்கும் போட்டிருப்பாரு. அப்புறம் திரும்ப எடுத்துத் தட்டியிருக்காரு.

சத்தம் போட்டிருக்கலாமேன்னா? அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டே இருக்கேன். கொரல் எழும்பலையா, இல்ல, கூப்பிட்டா கணக்குப் போயிடும்னு நெனச்சாரான்னு எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்ல மாட்டேன். அவர் தட்டற கல்லுச் சத்தத்துக்கு அதுங்க நிக்காது, அது அவருக்குத் தெரியும். நிக்கவும் இல்ல. அவர் தட்டத் தட்ட ஒவ்வொண்ணும் பதில் சொல்லுச்சு. அன்னிக்கு மாதிரி என் பக்கம் என்னிக்கும் பேசினதில்ல. நான் நின்ன எடத்துலேர்ந்து மேட்டு உச்சிக்குப் போக, இந்தத் தெருமுனைக்குப் போற நேரம்கூட ஆகாது. நான் டார்ச்சுக்காக நின்னுக்கிட்டிருந்தேன்.

கூட்டிட்டுப் போறேம்மா. ஒம்பது இருக்கு, ஒம்பதையும் கல்லு கல்லாக் காட்டறேன். வேண்டாம்னாலும் சரி. டீச்சர்கிட்ட இன்னும் சொல்லல, உங்களுக்கு முன்னால அவங்களுக்குச் சொல்றது சரியில்லன்னு இருந்தேன். இன்னிக்குச் சொல்லிடணும், அவங்க நாளைக்குக் கணக்கை அனுப்பறாங்க. எட்டு, ஆறு, பதினொண்ணு, ஒம்பது. தவளை முப்பத்தி நாலு. நாங்க பெஞ்சுல கொட்டின பட்டன் முப்பத்தஞ்சு. ஒண்ணு மிச்சம்.